அஞ்சறைப் பெட்டியில் கடுகு இல்லாவிட்டால்?

கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள். தினமும் வேண்டிய சாமான்கள் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும். எண்ணெய் காய்ந்த பிறகு கடுகு வாங்கக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழிகளுக்கும் இப்படி ஒரு பெட்டி உண்டு. அதற்கு "ஸ்டாண்டர்டு லைப்ரரி" என்று பெயர். தேதி கணக்கிடுவது, பெயர்களை வரிசைப்படுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்கான கட்டளைகள் அதில் தயாராக இருக்கும். மொழியோடு கூடவே வரும்.

எதை உள்ளே வைப்பது, எதை விடுவது? இது சின்ன விஷயம் அல்ல.

11 வரி செய்த வேலை

இணையப் பக்கங்களை இயக்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். அதன் பெட்டி சிறியது. 7 என்பதை 007 என்று எழுத, இடப்பக்கம் சைபர் சேர்க்கும் கட்டளைகூட அதில் இல்லாமல் இருந்தது. ஒருவர் அதை 11 வரியில் எழுதினார். "லெஃப்ட்-பேட்" என்று பெயரிட்டு, பொதுக் கிடங்கு ஒன்றில் இலவசமாக வைத்தார். ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் அதை நம்பி இருந்தன.

2016 மார்ச் மாதம். வேறொரு பெயர் பற்றித் தகராறு வந்தது. அவர் தாம் எழுதியதை எல்லாம் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். பல நாடுகளில் வேலை நின்றது! கிடங்குக்காரர்கள் அதைத் திரும்ப வைத்த பிறகே மூச்சு வந்தது.

இலவசமாகக் கொடுத்தவர் மீது பழி போடுவது நியாயமா? பெட்டியில் கடுகு வைக்காததுதான் குறை. 2017-ல் அந்த வசதி மொழியிலேயே சேர்க்கப்பட்டது.

நிரம்பிய பெட்டி

பைத்தான் மொழி வேறு விதம். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் அதை 1991-ல் வெளியிட்டார். "பாட்டரியும் உள்ளே இருக்கிறது" என்று அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். சைபர் சேர்க்கும் கட்டளையும் அதில் உண்டு.

ஆனால், நிரம்பிய பெட்டியிலும் தொல்லை உண்டு. பழைய சன் கம்ப்யூட்டர்களின் ஒலிப்பதிவைப் படிக்கும் பகுதிகூட அதில் கிடந்தது. தொடுவார் இல்லாத சரக்கானாலும், பழுது பார்க்க ஆள் வேண்டுமே!

2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் இத்தகைய 19 பகுதிகளை நீக்கினார்கள். திடீரென்று அல்ல. 2022-லேயே எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். அதுதான் முறை.

எது நல்லது?

"பெட்டி சிறிதாக இருக்கட்டும், வேண்டியதை அவரவர் தேடிக்கொள்ளட்டும்" என்று சிலர் வாதிடுகிறார்கள். அபூர்வமான சாமான்களுக்கு அது பொருந்தும். கடுகுக்குப் பொருந்தாது. எல்லோருக்கும் தினமும் வேண்டியதை ஒரு தனி மனிதரின் தயவில் விட்டுவைக்கக் கூடாது.

கடுகு உள்ளே இருக்கட்டும். பூச்சி பிடித்த சரக்கு, சொல்லிவிட்டு வெளியே போகட்டும்.