விதை விற்ற வானொலி

கேள்வி: ''தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை-27 ரகத்தை அந்தக் காலத்தில் 'ரேடியோ நெல்' என்பார்கள். திருச்சி வானொலியின் விவசாய ஒலிபரப்பைக் கேட்டுத்தான் ஊர் ஊராக அந்த நெல் பரவியதாம். வெளிநாட்டிலும் இப்படி வானொலி மூலம் விதை பரவியது உண்டா?''
- டெல்டா வாசகர் ஒருவர்

பதில்: உண்டு. அந்தக் கதையில் இன்றைய விவசாயிக்கு ஒரு பாடமும் இருக்கிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் ஷெனண்டோவா என்றொரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 5,000. சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பூமி. அங்கே விதை வியாபாரம் செய்தவர் ஹென்றி ஃபீல்டு. பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல விதைப் பட்டியல் எழுதியே பெயர் எடுத்தவர். 1924-ல் அவர் சொந்தமாக ஒரு வானொலி நிலையமே தொடங்கிவிட்டார். பெயர் கே.எஃப்.என்.எஃப். 'நட்பாகவே இரு, முகம் சுளிக்காதே' என்று அந்த எழுத்துகளுக்கு விளக்கம் சொன்னார்கள்.

எந்த விதையை எப்போது போடலாம் என்று ஃபீல்டே மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவார். நடுநடுவே நாட்டுப்புறப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவ வழிபாடு. அவருடைய தங்கை லியானா ட்ரிஃப்ட்மியர் 1926-ல் குடும்பப் பெண்களுக்காக ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தார். சமையல், பிள்ளை வளர்ப்பு, வீட்டுச் சங்கதி என்று போன அந்த நிகழ்ச்சி 'கிச்சன் கிளாட்டர்' என்ற பெயரில் பல பத்தாண்டுகள் ஓடியது.

ஒலி நெடுந்தூரம் போனதற்கு மண்ணும் ஒரு காரணம். ஈரம் பிடிக்கும் ஆழமான மண்ணில் மத்திய அலை சுலபமாகப் பயணிக்கும்; பாறையும் மணலுமான நிலத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். சோளம் விளைய வைத்த அதே மண் ஃபீல்டின் குரலையும் பக்கத்து மாநிலங்கள் வரை சுமந்து போனது.

வியாபாரம் பெருகியது. அதைப் பார்த்து அதே ஊரில் இன்னொரு விதை வியாபாரியான ஏர்ல் மே, 1925-ல் கே.எம்.ஏ. என்ற நிலையத்தைத் தொடங்கினார். சின்ன ஊரில் இரண்டு விதைக் கடை, இரண்டு வானொலி! கே.எம்.ஏ. பண்ணைச் செய்திகளை விடாமல் பிடித்துக்கொண்டது.

கே.எஃப்.என்.எஃப். வேறு திசையில் போனது. கைமாறிக் கைமாறி, கடைசியில் அப்போது கலிஃபோர்னியாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த 'ஃபேமிலி ரேடியோ' என்ற கிறிஸ்தவ வானொலி அமைப்பிடம் வந்து சேர்ந்தது. பெயரும் கே.ஒய்.எஃப்.ஆர். என்று மாறியது. விளம்பரம் கிடையாது, நேயர்களின் காணிக்கையில் ஓடும் வானொலி அது. பக்திப் பாட்டும் வேதப் பேச்சும் தொலைவில் தயாராகி இங்கே ஒலித்தன.

அந்த அமைப்பின் முக்கியக் குரல் ஹரால்டு கேம்பிங். படிப்பால் பொறியாளர். நேயர்கள் தொலைபேசியில் வேதக் கேள்வி கேட்க, அவர் பதில் சொல்லும் நிகழ்ச்சி பல்லாண்டுகள் நடந்தது. வேதத்தில் உள்ள எண்களைக் கூட்டிக் கழித்து, 2011 மே 21-ல் நியாயத்தீர்ப்பு தொடங்கும், அக்டோபர் 21-ல் உலகம் முடியும் என்று அவர் அறிவித்தார். அந்த நாளை மனிதர் யாரும் கணக்கிட முடியாது என்று மற்றக் கிறிஸ்தவர்கள் பலர் மறுத்தார்கள். ஆனாலும் நம்பியவர்கள் இருந்தார்கள். சிலர் வேலையை விட்டார்கள். சிலர் சேமிப்பை அந்தப் பிரசாரத்துக்கே கொடுத்தார்கள்.

மே மாதம் அயோவாவில் விதைப்புக் காலம். அக்டோபர் அறுவடைக் காலம். இரண்டு தேதியும் வந்தன, போயின. விதைத்தவர் வீட்டுக்குச் சோளம் வந்தது. கணக்குப் போட்டது தவறு என்று 2012-ல் கேம்பிங்கே ஒப்புக்கொண்டார். கொடுத்த சேமிப்பையும் விட்ட வேலையையும் அந்த வார்த்தை திருப்பித் தரவில்லை.

ஃபீல்டும் லாபத்துக்காகத்தான் பேசினார். ஆனால், அவர் சொல்லை நிலத்தில் சோதிக்க முடிந்தது. விதை முளைக்கவில்லை என்றால் பத்தே நாளில் தெரிந்துவிடும். கேட்பதற்கு ஆளும் அதே ஊரில் கடை வைத்திருந்தார். பின்னால் வந்த குரலை, குறித்த நாள் வரும்வரை யாரும் சோதிக்க முடியவில்லை.

இன்று வானொலிப் பெட்டியின் இடத்துக்கு யூடியூபும் வாட்ஸ்அப்பும் வந்துவிட்டன. 'ஏக்கருக்கு இத்தனை மூட்டை நிச்சயம்' என்று சொல்லும் குரல் எத்தனை இனிமையாக இருந்தாலும், விவசாயி மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒன்று, பேசுபவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? இரண்டு, நட்டமானால் எந்த ஊரில், எந்தக் கடையில் போய்க் கேட்பது? விதை வாங்கிய ரசீதையும் பையில் இருக்கும் அட்டையையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மூன்று, சொன்னதைச் சிறிய அளவில் சோதிக்க முடியுமா? விதையென்றால் 100 விதைகளை எண்ணி, ஈரத்துணியில் சுற்றி, நிழலில் வைத்து, துணி காயாமல் தண்ணீர் தெளித்து வர வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் நல்ல முளைகளை எண்ணிவிடலாம். சான்று விதை என்றால் நெல்லில் குறைந்தது 80, மக்காச்சோளத்தில் 90, உளுந்தில் 75 முளைக்க வேண்டும். புது ரகம், புது மருந்து எதுவானாலும் முதல் போகத்தில் பத்து சென்ட் போதும். பக்கத்திலேயே பழைய ரகத்தையும் போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ரேடியோ நெல்லும் அப்படித்தான் நிலைத்தது. வானொலி சொன்னதைக் கேட்டு ஒருவர் விதைத்தார்; அவர் வயலைப் பார்த்துத்தான் அடுத்தவர் விதைத்தார்.