ஏட்டுக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

பொருளியல் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன சந்தையும் வங்கியும் வரியும் விலைவாசியுமே ஆகும். ஒரு பெண்பிள்ளை பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றுவிடுவதும் பொருளியலின்பாற்பட்ட செய்தியே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்வியையும் வறுமையையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று உலக அரங்கில் எடுத்துரைத்த அறிஞர் ஒருவர் நம் தமிழ் மண்ணிலேயே தோன்றினார். அவரே டாக்டர் மால்கம் ஆதிசேசையா.

1910ஆம் ஆண்டு வேலூரில் பிறந்த அவர், இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பொருளியல் பயின்று, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் அத்துறைப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1948இல் யுனெஸ்கோ நிறுவனத்தில் சேர்ந்து, 1963இல் அதன் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். ஆசிய நாடுகள் பல அடிமைத்தளை நீங்கிப் புதிதாய்க் கண்விழித்த காலம் அது. அணை கட்டுவதா, ஆலை கட்டுவதா, பள்ளி கட்டுவதா என்ற வினா ஒவ்வோர் அரசின் முன்னும் நின்றது. கல்விக்கு இடும் பணம் செலவன்று, முதலீடே என்பது ஆதிசேசையா போன்றோர் அளித்த விடை.

அவர் பணியாற்றிய நாள்களில், 1960இல், யுனெஸ்கோவின் முயற்சியால் கராச்சித் திட்டம் உருவாயிற்று. 1980க்குள் ஆசியக் குழந்தைகள் அனைவர்க்கும் ஏழாண்டுக் கட்டாய இலவசக் கல்வி என்பது அதன் இலக்கு. 1965இல் டெஹ்ரானில் கூடிய கல்வி அமைச்சர்கள் மாநாடு எழுத்தறியாமையை ஒழிக்க உறுதி பூண்டது. அம்மாநாடு தொடங்கிய செப்டம்பர் 8ஆம் நாளையே இன்றும் உலக எழுத்தறிவு நாளாகக் கொண்டாடுகிறோம்.

பதவிக்காலம் முடிந்தபின் அவர் அயல்நாட்டிலேயே தங்கி ஓய்வு கொள்ளவில்லை. தாயகம் திரும்பி, தம் துணைவியார் எலிசபெத் அம்மையாரோடு சேர்ந்து 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், பின்னர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் விளங்கிய அப்பெருந்தகை 1994இல் மறைந்தார்.

அவர் காட்டிய திசையில் ஆசியப் பொருளியலார் வேறு சிலரும் நடந்தனர். கேம்பிரிட்ஜில் ஒருசாலை மாணாக்கராய் இருந்த இருவர், நம் நாட்டின் அமர்த்தியா சென்னும் பாகிஸ்தானின் மஹ்பூபுல் ஹக்கும் ஆவர். ஒரு நாட்டின் செல்வத்தை வருமானத்தால் மட்டும் அளத்தல் போதாது, மக்களின் ஆயுளையும் கல்வியையும் சேர்த்தே அளத்தல் வேண்டும் என்னும் மனிதவள மேம்பாட்டு அறிக்கையை ஹக் 1990இல் வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டில் சென், பெண்பாலர் புறக்கணிக்கப்பட்டமையால் உலகில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் கணக்கில் காணாமற் போயினர் என்று எழுதினார். பெரும்பகுதி ஆசியாவிலேதான் என்பது நமக்குத் தலைக்குனிவன்றோ?

இஃது எங்கோ நடந்த கதையன்று. பெண்சிசுக்களைக் காக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், பின்னர் நம் திண்டுக்கல் மாவட்டத்திற்கும் விரிவுபடுத்தப்பட வேண்டியதாயிற்று.

பிழைத்து வளர்ந்த பெண்ணின் நிலைதான் என்ன? வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை வட்டாரங்களின் வானம் பார்த்த பூமியை நாம் அறிவோம். மழை பொய்த்தால் கடலையும் இல்லை, சோளமும் இல்லை. அங்கே நூற்பாலைகள் எழுந்தன. மூன்றாண்டு ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால், முடிவில் திருமணத்திற்கென ஒரு தொகை மொத்தமாய்க் கிடைக்கும் என்னும் 'சுமங்கலித் திட்டம்' தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களிலும் நம் பகுதியிலும் பரவியது. பதினாறு வயதுப் பெண் புத்தகப் பையை வைத்துவிட்டு விடுதிப் பெட்டியைத் தூக்கினாள். இடையில் உடல் நலிந்து திரும்பியோர்க்கு அத்தொகை கிட்டாமற் போனதும் உண்டு. மங்கலமான பெயர், ஆனால் அதற்கு ஈடாக வைக்கப்பட்டது ஒரு பெண்ணின் படிப்பு.

அப்பெற்றோரை அறியாதவர் என்று பழித்தல் எளிது. ஆனால் பொருளியல் அறிஞர் பழிப்பதில்லை. அவ்வீட்டின் கணக்கைப் படித்துப் பார்ப்பர். வரதட்சணை என்னும் கடன் பெண் பிறந்த அன்றே எழுதப்பட்டுவிடுகிறது. படிப்போ இன்றைய செலவு, அதன் பயன் என்றோ வருவது, அதுவும் மணமகன் வீட்டிற்குப் போவது என்று தந்தை எண்ணுகிறார். கணக்கில் பிழையில்லை, கணக்கை அவ்வாறு அமைத்த சமுதாயத்தின்மீதே பிழை.

ஆகவே அறிவுரையால் மட்டும் பயனில்லை. கணக்கை மாற்றியமைத்தல் வேண்டும். நம் மாநிலம் அதனைச் செய்தும் காட்டியுள்ளது. காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் விரிவுபெற்ற சத்துணவும் பசியைக் கணக்கிலிருந்து நீக்கின. ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு நிதி வழங்கிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம், 2022இல் புதுமைப் பெண் திட்டமாக உருமாறியது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. தாலிக்கு ஒதுக்கிய பணம் படிப்புக்குத் திரும்பிய இம்மாற்றம் சிறிதன்று.

அரசு செய்ததை நம் சமுதாயம் செய்ததா? குமர் காரியத்திற்கென்று கேட்டால் கைவிரிக்காத ஊர் நம்முடையது. தோல் வணிகரும் பூட்டு வணிகரும் சிறு கடைக்காரரும் இயன்றதை அளிக்கின்றனர். அந்நல்லுள்ளத்தை நாம் போற்றுகிறோம். ஆயினும், அதே பெண் ஈராண்டுக்கு முன் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவி கேட்டிருந்தால் எத்தனை கைகள் நீண்டிருக்கும் என்பதை நெஞ்சில் கைவைத்துச் சொல்லுதல் வேண்டும்.

"படித்தவளுக்கு மட்டும் வேலை எங்கே இருக்கிறது?" என்று கேட்போர் உளர். அவ்வினாவில் உண்மையுண்டு. பட்டம் பெற்றும் வேலையின்றி வீட்டிலிருக்கும் பெண்கள் நம் தெருக்களிலும் பலர். ஆனால் அது வேலை வாய்ப்பைப் பெருக்குவதற்கான காரணமேயன்றிப் படிப்பை நிறுத்துவதற்கான காரணம் ஆகாது. படித்த தாயின் பிள்ளை இடைநிற்பது அரிது என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

நாம் வேண்டுவன மூன்றே. குமர் காரியத்திற்குத் திரட்டும் தொகைக்கு நிகராகப் பெண்கல்விக்கென ஒரு நிதியைச் சமுதாயப் பெரியோர்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் தொடங்குதல் வேண்டும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நின்றுவிடும் மாணவியரின் பட்டியலை ஆசிரியர்கள் தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே எடுத்து, அவர்தம் இல்லத்தாரைச் சந்தித்தல் வேண்டும். மாணவர்கள் தத்தம் தெருவில் எத்தனை பெண்கள் படிப்பை விட்டனர், ஏன் விட்டனர் என்பதை வீடுவீடாய்க் கேட்டு எழுதுதல் வேண்டும். கேட்டு எழுதாமல் நிதி எவ்வளவு வேண்டும் என்பதை அறிவது எங்ஙனம்?

கல்வி பத்தாண்டில் அனைவர்க்கும் கிடைக்க முயல வேண்டும் என்று 1950இல் அரசமைப்புச் சட்டம் கூறிற்று. அது சட்டப்படியான உரிமையாய் நடைமுறைக்கு வந்ததோ 2010இல். 2011 கணக்கெடுப்பிலும் தமிழகத்துப் பெண்களில் எழுத்தறிந்தோர் 73 விழுக்காட்டினரே; ஆண்களோ ஏறத்தாழ 87 விழுக்காட்டினர். அரசுகளின் இலக்குகள் தவணை தவறலாம். ஒரு பெண்ணின் பதினாறாம் வயதோ தவணை கொடுப்பதில்லை. இவ்வாண்டு நின்றவளை அடுத்த ஆண்டு பள்ளிக்கு மீட்பது அரிது. எனவே நம் நிதியை இவ்வாண்டே தொடங்குவோம்.