தொட்டிலருகே தோற்கலாமா?

நண்பரொருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். ஆண் மகவு பிறந்து பத்து நாள். தொட்டிலிலே சின்னஞ்சிறு செல்வன், விரல் மடக்கி, விழி மூடி, கவலையின்றி உறங்கிக்கொண்டிருந்தான். கவலையெல்லாம் கூடத்தில் இருந்தது! மேடையேறி மூடநம்பிக்கையைச் சாடும் நம் நண்பர், ஒரு துண்டுத்தாளைப் பிடித்தபடி கலங்கி நின்றார். சோதிடர் எழுதித் தந்த தாள். அதில் ஒரே ஓர் எழுத்து: 'ண'!

"அத்த நட்சத்திரம், மூன்றாம் பாதமாம். இந்த எழுத்தில்தான் பெயர் தொடங்கவேண்டுமாம். அகராதியைப் புரட்டிவிட்டேன், தம்பி. 'ணகரம்' என்பதுதான் இருக்கிறது!" என்றார்.

ணகரம்! பெற்ற பிள்ளைக்கு அதையா சூட்டுவது?

27 விண்மீன்கள், ஒவ்வொன்றுக்கும் 4 பாதங்கள், ஆக 108 எழுத்துகள். வடமொழி நெடுங்கணக்கைக் கொண்டு எவரோ வகுத்த பட்டியல் இது. 'ண' என்ற எழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாராது என்பதைத் தொல்காப்பியம் படித்தவர் அறிவர். வடமொழியிலேயே அவ்வெழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். "அதனாலென்ன, 'ந' என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று சமாதானம் கூறுவர். எழுத்தை மாற்றினால் விண்மீன் ஏமாந்துவிடுமா? ஏமாறும் எனில் அதற்கு அஞ்சுவானேன்? ஏமாறாது எனில் இந்தச் சமாதானம் எதற்கு?

"பெயரில் என்ன இருக்கிறது? வீட்டில் பெரியவர்கள் மனம் நோகக் கூடாது" என்றார் நண்பர். பெயரில் ஒன்றுமில்லை என்றால், ஐயா, சோதிடரிடம் ஏன் சென்றீர்?

பெயரில் என்ன இருக்கிறது என்பதை மனு நன்கறிந்திருந்தான். அவன் நூலின் 2ஆம் இயலில், 31ஆம் விதியைப் பாருங்கள். பார்ப்பனன் பெயர் மங்கலம் தோன்ற இருக்கவேண்டும்; அரசன் பெயர் வலிமையும், வணிகன் பெயர் செல்வமும் காட்டவேண்டும். சூத்திரன் பெயரோ இழிவைக் காட்டவேண்டும்! தொட்டிலிலேயே தலையைத் தாழ்த்திவிட்டால், எழுந்து நடக்கும் வயதில் எவனும் நிமிரமாட்டான் என்பது அவன் கணக்கு.

குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்று நம் முன்னோர் பலர் அழைக்கப்பட்டனர். பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த தாய், இழிந்த பெயரிட்டால் சாவு தீண்டாது என்று நம்பி வைத்த பெயர்களும் அவற்றில் உண்டு. அந்தக் கண்ணீரை நாம் எள்ளவில்லை. ஆனால், பின்வந்த பிள்ளைகளைக் காத்தது பெயரன்று, தடுப்பூசி!

இந்த நிலையை எதிர்த்து எழுந்த வரலாறு நமக்கு உண்டு. 1916இல் வேதாசலம் மறைமலை ஆனார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டி எறியச் சொன்னது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். வளர்ந்தபின் அவர்கள் முயன்று மாற்றிக்கொண்டதை, நம் பிள்ளைக்குப் பிறந்த அன்றே வழங்க நமக்கு என்ன தடை? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கீழடியில் வாழ்ந்தவன் பானையிலே 'ஆதன்' என்று தமிழில் பெயர் பொறித்தான். அவன் வழிவந்தவர்கள் நாம், 'ண' என்ற எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்!

நாம் பள்ளி ஆசிரியர். வருகைப் பதிவேட்டை நாள்தோறும் படிப்பவர். "உன் பெயருக்குப் பொருள் என்ன?" என்று ஒருநாள் வகுப்பில் கேட்டோம். பாதிப் பிள்ளைகள் விழித்தனர். "எண் கூட்டிப் பார்த்து வைத்தார்கள், ஐயா" என்றான் ஒருவன். தன் பெயர் தனக்கே விளங்காத பிள்ளையை வளர்த்துவிட்டு, எதையும் ஏன் என்று கேள் எனக் கற்பிக்கிறோம்!

தாத்தாவின் பெயரை வையுங்கள்; வேண்டாமென்று கூறோம். பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே அவன் பெயரன், பேரன்! அதற்கு ஒரு காரணம் உண்டு. "எனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று மகன் கேட்கும் நாளில், நாணாமல் விடை சொல்ல முடிகிறதா? அந்த ஓர் அளவுகோல் போதும். விரைவதற்கும் தேவையில்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ், 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். சட்டம் காத்திருக்கிறது, பஞ்சாங்கந்தான் துரத்துகிறது!

"சுமந்து பெற்றவரைக் கேட்டீர்களா?" என்றோம். நண்பர் திகைத்தார். எவரும் கேட்கவில்லை! உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது: "பாரி என்று வைக்க ஆசை, அண்ணா. கொடிக்கும் இரங்கியவன் பெயர். இவனும் பிறர் துன்பம் கண்டு இரங்குபவனாக வளரட்டும்."

108 எழுத்துகளில் இல்லாத பொருள் அந்த ஒரு சொல்லில் இருந்தது. நண்பர் தலைகுனிந்தார், தாளை மடித்தார், இன்னும் கிழிக்கவில்லை.

தோழர்களே! ஊரைத் திருத்தும் உரையை நாளைக்கு ஆற்றலாம். இன்று உங்கள் வீட்டுத் தாளைக் கிழித்தெறியுங்கள். தொட்டிலருகே தோற்றவன் மேடையிலே வென்று பயன் என்ன?