காதலைக் காட்டினார்கள், வாழ்க்கையைக் காட்டினார்களா?

சென்ற வாரம் ஒரு பஞ்சாலை வாயிலில், ஷிப்டு முடிந்து வெளியே வந்த ஒரு தோழர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க தோழர், எம் பொண்ணு ராத்திரியெல்லாம் போன்ல தாய்லாந்து நாடகம் பாக்குதுங்க. ரெண்டு பசங்க ஒருத்தனை ஒருத்தன் காதலிக்கிறானுங்களாம். இது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

பக்கத்தில் நின்ற சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. ஆசியா முழுவதும் வாலிபர்கள் விழுந்து விழுந்து பார்க்கிற ஒரு கலையைப் பற்றி ஒரு தொழிலாளி அபிப்பிராயம் கேட்டால், அதற்குப் பதில் சொல்வது நமது கடமை.

'பாய்ஸ் லவ்' தொடர்கள் என்று இவற்றுக்குப் பெயர். ஆணுக்கும் ஆணுக்கும் இடையே பிறக்கும் காதல்தான் கதை. இதை ஒரே வார்த்தையில் நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கலையையும் மூன்று கேள்விகள் கேட்டுத்தான் எடை போட வேண்டும். யாருடைய வாழ்க்கையை அது சொல்கிறது? எதை மறைக்கிறது? லாபம் யாருக்கு?

எங்கே பிறந்தது?

இந்தக் கதைகளின் பிறப்பிடம் தாய்லாந்து அல்ல, ஜப்பான். 1970-களில் தாகேமியா கெய்கோ, ஹாகியோ மோட்டோ போன்ற பெண் சித்திரக்கதை ஆசிரியர்கள், இளம்பெண்கள் படிக்கும் பத்திரிகைகளில் இத்தகைய கதைகளை வரைந்தார்கள். வரைந்தவர்களும் பெண்கள்; படித்தவர்களும் பெண்கள். இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. ஆண்-பெண் காதல் கதை என்றால், முடிவில் பெண் அடுப்படிக்குப் போக வேண்டும். அவன் கட்டளையிட, இவள் கீழ்ப்படிய வேண்டும். மேல் கீழ் இல்லாத இருவர் ஒருவர்மீது ஒருவர் அன்பு வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க அந்தப் பெண்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையில் என்ன குற்றம்?

பிறகு இது டெலிவிஷனுக்கு வந்தது. தாய்லாந்தில் 2014ல் 'லவ் சிக்', 2016ல் 'சோட்டஸ்', 2020ல் கொரோனா ஊரடங்கு நாட்களில் 'டுகெதர்' என்று வரிசையாக வந்தன. 'டுகெதர்' தாய்லாந்து எல்லையைத் தாண்டிப் பல நாடுகளில் பரவியது. ஜப்பான், தைவான், தென் கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலும் இத்தகைய தொடர்கள் தயாராகின்றன.

நல்லது எது?

முதலில் நல்லதைச் சொல்வோம். நெடுங்காலமாக சினிமாவில் இப்படிப்பட்ட மனிதனுக்கு இரண்டே வேலைதான் கொடுத்தார்கள். கோமாளியாக வந்து சிரிப்பு மூட்ட வேண்டும். அல்லது கடைசி ரீலில் சாக வேண்டும். இந்தத் தொடர்கள் அந்த வழக்கத்தை உடைத்தன. இரண்டு வாலிபர்கள் காதலிக்கிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள், சமாதானமாகிறார்கள். முடிவில் உயிரோடும் மானத்தோடும் இருக்கிறார்கள். வீட்டிலும் சொல்ல முடியாமல், நண்பனிடமும் சொல்ல முடியாமல் மனம் குமைந்து கிடக்கும் ஒரு பையனுக்கு இது சின்ன விஷயமல்ல.

2019ல் ஜப்பானில் வந்த 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' என்ற தொடரைப் பாருங்கள். ஒருவர் வக்கீல், மற்றவர் முடிதிருத்தும் தொழிலாளி. நடுத்தர வயது. ஒரு சிறு வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். மலிவு விலையில் காய்கறி தேடி வாங்கி, மாதச் சாப்பாட்டுச் செலவை 25,000 யென்னுக்குள் அடக்க வக்கீல் பாடுபடுகிறார். முழுத் தர்ப்பூசணி வாங்கக் கட்டாது என்று, கடையில் சந்தித்த ஒரு குடும்பப் பெண்ணோடு பாதிப்பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கிறார். ஆபீசில் தன் வாழ்க்கையை மறைக்கிறார். வயதான பெற்றோருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தவிக்கிறார். இங்கே காதல் வானத்தில் மிதக்கவில்லை. அடுப்பங்கரையிலும் கணக்கு நோட்டிலும் இருக்கிறது. இதுதான் யதார்த்தம்.

தாய்லாந்திலும் நல்ல முயற்சிகள் உண்டு. 2021-22ல் வந்த 'நாட் மீ' தொடரில், சட்டத்துக்கு எட்டாத ஒரு பெருமுதலாளியை எதிர்த்துச் சில வாலிபர்கள் கிளம்புகிறார்கள். திருமணச் சமஉரிமை கேட்டு வானவில் கொடியோடு ஜனங்கள் திரளும் காட்சியும் அதில் வருகிறது. 2021ல் வந்த 'ஆயிரம் நட்சத்திரங்களின் கதை', மலைக் கிராமத்துத் தேயிலை விவசாயிகள் விலையில் ஏமாற்றப்படுவதைக் காட்டுகிறது. குறை இல்லாமலில்லை. நாலு பேர் இரகசியமாகத் தீ வைப்பதால் முதலாளித்துவம் எரிந்து போகாது. அந்தக் கிராமத்திலும், மோசடியைக் கணக்குப் பார்த்துச் சொல்ல ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை நகரத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது. ஆனாலும் கண் திறந்து சமுதாயத்தைப் பார்த்திருக்கிறார்கள், பாராட்டுகிறோம்.

கெட்டது எது?

இவை விதிவிலக்குகள். பெரும்பாலான தொடர்கள் எப்படி இருக்கின்றன?

ஒன்று: கதாநாயகன் பணக்காரன். காலேஜில் படிக்கிறான், சொந்தக் கார் இருக்கிறது, மாடிக் குடியிருப்பில் தனி அறை இருக்கிறது. வாடகை யார் கட்டுகிறார்கள்? தெரியாது. துணி ஆலையிலும் மீன்பிடி படகிலும் உழைக்கும் தாய்லாந்துத் தொழிலாளி இந்தக் கதைகளில் எங்கே? அவர்களிலும் இப்படிக் காதலிப்பவர்கள் இல்லையா? தனி அறை இல்லாதவனுக்கு, வேலை போனால் சோறில்லாதவனுக்கு, இந்தக் காதல் எத்தனை மடங்கு கஷ்டம்! அதைச் சொன்னால் கனவு கலைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள்.

இரண்டு: சமமான அன்பைத் தேடிப் பிறந்த கதை, பழைய ஆதிக்கத்தையே திரும்பக் கொண்டுவருகிறது. இருவரில் ஒருவனைப் புருஷனாகவும் மற்றவனைப் பெண்டாட்டியாகவும் ஆக்கிக் கேலி பேசுவது பல தொடர்களில் சர்வசாதாரணம். வேண்டாம் என்று சொல்பவனைத் துரத்துவதும் பலவந்தம் செய்வதும் காதல் என்று காட்டப்படுகிறது. தாய்லாந்துக் கல்லூரிகளில் சீனியர் சொன்னபடி ஜூனியர் ஆட வேண்டும் என்றொரு முறை உண்டு. 'சோட்டஸ்' என்பதே அதன் பெயர். தொடரில் ஒரு ஜூனியர் துணிந்து எதிர்க்கேள்வி கேட்கிறான், நல்லது. ஆனால் காதல் முற்ற முற்ற, அந்த அடக்குமுறையே இனிப்புப் பூசிய மிட்டாயாகிவிடுகிறது.

மூன்று: பெண் வந்தால் பொறாமைக்காரி, திருநங்கை வந்தால் சிரிப்புக்கு. ஒருவனுக்கு நியாயம் கேட்டுக்கொண்டே மற்றவரை மிதிப்பது எந்த ஊர் நியாயம்?

நான்கு: வியாபாரம். கண்ணீர்க் காட்சி நடுவிலேயே முகப்பூச்சு டப்பாவும் தின்பண்டப் பொட்டலமும் காமிராவுக்கு முன்னால் நீட்டப்படுகின்றன. இரண்டு நடிகர்களை ஜோடியாகச் சேர்த்து, திரைக்கு வெளியேயும் காதலர் போலப் பழகச் செய்து, ரசிகர் கூட்டத்துக்கு டிக்கெட் விற்கிறார்கள். அந்த நடிகன் வேறு யாரையாவது விரும்பினால் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். ஆலையில் நம் கைகளை வாங்குகிறார்கள். அங்கே அவன் சிரிப்பையும் வாங்கிவிட்டார்கள்.

யாருடைய வாழ்க்கை இது என்ற கேள்வி புதிதல்ல. 1992லேயே ஜப்பானில் சாத்தோ மசாகி என்பவர், தன்பால் ஈர்ப்புள்ள தன்னைப் போன்ற ஆண்களின் நிஜ வாழ்க்கைக்கும் இந்தக் கதைகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு சிறு பத்திரிகையில் காரசாரமாக எழுதினார். பெரிய விவாதம் மூண்டது.

தடை போட்டால் தீருமா?

அப்படியானால் தடை செய்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். சீனாவில் அதைத்தான் செய்தார்கள். 2016 பிப்ரவரியில் 'ஷாங்யின்' என்ற தொடர், முடிவதற்கு முன்பே வலைத்தளங்களிலிருந்து நீக்கப்பட்டது. 2019ல் 'தி அன்டேம்ட்' வந்தபோது, மூலக்கதையிலிருந்த காதலை நட்பாக மாற்றித்தான் காட்ட முடிந்தது. 2018 அக்டோபரில் இத்தகைய நாவல் ஒன்றை எழுதி விற்ற பெண்ணுக்கு ஆபாசக் குற்றம் சாட்டிப் பத்தரை ஆண்டுச் சிறை விதித்தார்கள். செங்கொடி பறக்கும் நாடு என்பதற்காக இதை நியாயம் என்று நாம் சொல்லமாட்டோம். கலையின் குறையைத் திருத்துவது விமர்சனம்; பூட்டும் விலங்குமல்ல.

உரிமை எங்கிருந்து வந்தது?

முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 'டுகெதர்' கொடிகட்டிப் பறந்தது 2020ல். மறுவருஷம், 2021 நவம்பரில், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்ற சட்டம் சரிதான் என்று தாய்லாந்தின் அரசியல் சட்டக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. திரையில் ஜோடிகளை விற்று லாபம் வந்துகொண்டிருந்தது. வீதியில் நிஜ ஜோடிக்குச் சட்டமில்லை!

பின் எப்படி மாறியது? 2020ல் ஜனநாயகம் கேட்டு வீதியில் இறங்கிய வாலிபர் கூட்டத்தில் இவர்களும் இறங்கினார்கள். கையெழுத்துத் திரட்டினார்கள், ஊர்வலம் போனார்கள், தோற்றும் கலையவில்லை. 2024 மார்ச் 27ந் தேதி கீழ்ச்சபையில் 400 பேர் மசோதாவை ஆதரித்தார்கள். ஜூன் 18ந் தேதி மேல்சபை ஏற்றது. 2025 ஜனவரி 23 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. நாடகங்கள் மனதைப் பண்படுத்தின என்பதை மறுக்கவில்லை. ஆனால் பண்பட்ட நிலத்தில் விதைத்து அறுத்தது போராட்டம்.

நம் நாட்டிலும் கதை இதுதான். 2018 செப்டம்பர் 6ந் தேதி, இந்தக் காதல் குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. பல்லாண்டு வழக்காடியதன் பலன் அது. 2023 அக்டோபர் 17ந் தேதி, திருமண உரிமையை வழங்க மறுத்தது.

ஆகவே, கேள்வி கேட்ட தோழருக்கு நமது பதில் இதுதான்: மகளின் கையிலிருந்து போனைப் பிடுங்காதீர்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். இந்தப் பையன் வீட்டு வாடகையை யாரம்மா கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். வேண்டாம் என்றவனை ஏனம்மா விரட்டுகிறான் என்று கேளுங்கள். அவளும் கேட்கட்டும்: நம் ஆலையிலும் இப்படி ஒரு தொழிலாளி இருந்தால், நீங்கள் அவரைக் கேலி செய்வீர்களா, சங்கத்தில் பக்கத்தில் உட்காரவைப்பீர்களா என்று.

அந்தக் கேள்விக்கு நாம் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். வாயிலில் நின்று சிரித்த தோழர்களும்தான்.