துணைப் பயிற்றுநரா, அதென்ன வேலை?



மெர்சிங்கில் பனிக்கட்டி என்றால் அது மீனுக்குத்தான். விடியுமுன் படகுத்துறைப் பக்கம் போனால், பாளம் பாளமாக வந்த கட்டியை உடைத்து மீன் பெட்டிகளில் கொட்டுகிற சத்தம் கேட்கும். வெயில் ஏறுவதற்குள் பாதி கரைந்து கால்வாயில் ஓடிவிடும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, பனித்தரையில் ஹாக்கி ஆடும் கல்லூரிப் பெண்களையும், அவர்களுக்குத் துணைப் பயிற்றுநராக இருந்து சம்பளம் வாங்கும் பெண்களையும் பற்றி எழுதப்போகிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் இதில் சேதி இருக்கிறது.

முதலில் ஆட்டம். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தரை. காலில் கத்தி பொருத்திய சப்பாத்து. பக்கத்துக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல் காவலர். 20 நிமிடமாக மூன்று பகுதி. பந்து கிடையாது. 3 அங்குலக் குறுக்களவும் 1 அங்குலக் கனமும் உள்ள ஒரு கறுப்பு வில்லையைத்தான் அடிக்கிறார்கள். அது எதனால் ஆனது தெரியுமா? காய்ச்சி இறுக்கிய ரப்பர்! தோட்டத்து வாசகர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ரப்பருக்குத் துள்ளும் குணம் உண்டல்லவா? அது துள்ளாமல் வழுக்கி ஓட வேண்டும் என்பதற்காக, ஆட்டத்துக்கு முன் அந்த வில்லைகளைக் குளிர்ப்பெட்டியில் போட்டு உறைய வைத்துவிடுகிறார்கள்.

இந்த ஆட்டத்தில் ஒருவர் முழு நேரமும் நின்று ஆட முடியாது. முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம், மூச்சு வாங்கும். உடனே வெளியே குதித்து வந்துவிட வேண்டும், அடுத்தவர் உள்ளே குதிக்க வேண்டும். ஆட்டம் அதற்காக நிற்பதுமில்லை. தலைமைப் பயிற்றுநர் ஒருவரே எத்தனை பேரைக் கவனிப்பார்? தாக்குபவர்களை ஒருவர் மாற்றிவிட, தடுப்பவர்களை இன்னொருவர் மாற்றிவிட வேண்டியிருக்கிறது. அந்த இன்னொருவர்தான் பெரும்பாலும் துணைப் பயிற்றுநர்.

ஆனால் பெஞ்சுக்குப் பின்னால் நிற்பது அவர் வேலையில் காலரைக்கால் பங்குகூட இல்லை. மற்ற நாட்களில் என்ன செய்கிறார் என்கிறீர்களா? எதிரணியின் பழைய ஆட்டங்களைப் படம் போட்டுப் பார்த்துக் குறிப்பெடுப்பார். ஊர் ஊராகப் போய், குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள் ஆடுவதைப் பார்த்து, யாரைத் தங்கள் கல்லூரிக்கு அழைக்கலாம் என்று தேர்ந்தெடுப்பார். அந்தப் பெண்ணின் பெற்றோரிடம் பேசுவார். வந்து சேர்ந்த பிள்ளை பாடத்தில் பின்தங்கினால் விசாரிப்பார். வீட்டு நினைப்பில் அழுதால் முதலில் தட்டுவது பெரும்பாலும் இவர் அறைக் கதவைத்தான். தலைமைப் பயிற்றுநரிடம் சொல்லப் பயப்படுவதைப் பிள்ளைகள் துணையிடம் சொல்லுவார்கள். பெரியம்மாவிடம் சொல்லாததைச் சின்னம்மாவிடம் சொல்லுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த வேலைக்கு ஒரு கண்டமும் உண்டு. அணி தோற்றுக்கொண்டே போய்த் தலைமைப் பயிற்றுநரை மாற்றினால், புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கொண்டுவருவது வழக்கம். துணைப் பயிற்றுநர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இனி ஆளைச் சொல்லுகிறேன். ஜூலி சூ என்று பெயர். 1982இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். தகப்பனார் சீன வம்சாவளி. தாயார் வழியில் சீன இரத்தமும் புவெர்ட்டோ ரீக்கோ இரத்தமும் கலந்திருக்கின்றன. அமெரிக்க ஒலிம்பிக் பனி ஹாக்கிப் பெண்கள் அணியில் ஆடிய முதல் ஆசிய வம்சாவளிப் பெண் இவர்தான். 2002, 2006, 2010, 2014 என்று நான்கு ஒலிம்பிக் பார்த்தார். மூன்று வெள்ளி, ஒரு வெண்கலம். தங்கம் மட்டும் கைக்கு வரவேயில்லை! 2014இல் சோச்சியில் நிறைவு விழாவன்று நாட்டுக் கொடியை ஏந்திச் செல்ல, சக விளையாட்டாளர்கள் இவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

படித்தது ஹார்வர்டில். 2007இல் கல்லூரிப் பெண்கள் பனி ஹாக்கியின் உயர்ந்த விருதான பேட்டி காஸ்மையர் விருதைப் பெற்றார். அவ்வளவு புகழோடு வெளியே வந்தவர் என்ன செய்தார்? மின்னசோட்டா துலூத் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்றுநராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 2008இல், அந்த அணி தேசியக் கல்லூரிக் கிண்ணத்தை வென்றது.

நல்ல தொடக்கம் என்று நினைப்பீர்கள். ஆனால் அதற்குப் பிறகு 2010இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் நியூயார்க் மாநிலத்திலுள்ள யூனியன் கல்லூரி. அங்கே பெண்கள் அணி, தன் பிரிவில் அடிமட்டத்தில் கிடந்த அணி. ஒலிம்பிக் வீராங்கனை, தோற்றுத் தோற்றுப் பழகிப்போன பெண்களுக்குத் துணைப் பயிற்றுநராக மூன்று பருவம் நின்றார். எனக்கு அந்த நான்கு பதக்கங்களைவிட இந்த மூன்று பருவந்தான் பெரிதாகத் தெரிகிறது. வெல்லும் அணிக்குக் கைதட்ட யாரும் வருவார்கள். தோற்ற அணியைத் திங்கட்கிழமைக் காலையில் மறுபடி பனித்தரைக்குக் கூட்டிக்கொண்டு வருவதற்குத் தனி நெஞ்சம் வேண்டும்.

அதே ஆண்டுகளில் அவர் கனடாவின் மொண்ட்ரியால் அணிக்கும் ஆடினார். கல்லூரிக்கும் மொண்ட்ரியாலுக்கும் இடையே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நாம் மெர்சிங்கிலிருந்து கோலாலம்பூர் போகிற தூரம், நடுவில் நாட்டெல்லை வேறு. அந்தப் பெண்கள் லீக்கில் 2017 வரையில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கிடையாது. ஆகவே ஆட்டம் ஆசைக்கு, பயிற்றுநர் வேலை அடுப்புக்கு. நம் ஊர்க் கூத்துக்காரர் கதை நினைவுக்கு வரவில்லையா?

பிறகு மொண்ட்ரியாலிலேயே கன்கோர்டியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதலில் அங்கும் துணை, அப்புறந்தான் தலைமை. 2022இலும் 2024இலும் கனடாவின் பல்கலைக்கழகக் கிண்ணம் அவர் அணிக்குக் கிடைத்தது. அவருக்கு அங்கே பயிற்சிப் பணியில் உதவியவர் யார் தெரியுமா? கனடாவுக்காக ஆடி நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கரோலின் ஊலெட். களத்தில் இவரைத் தோற்கடித்த அணியின் ஆள்! நான்கு தங்கக்காரர் இரண்டாவது இடத்தில் நின்றார். ‘துணை’ என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

இத்தனை வேலைகள் எப்படி உண்டாயின? 1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் பெறும் கல்விக்கூடம் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அதனால் கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பெருகின, உபகாரச் சம்பளம் வந்தது. ஆனால் கூத்தைப் பாருங்கள்: அந்தச் சட்டம் வருமுன் பெண்கள் அணிகளின் பயிற்றுநர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் பெண்களாக இருந்தார்கள். பணமும் மதிப்பும் வந்ததும் ஆண்கள் நுழைந்தார்கள், பின்னாளில் பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சும்மா செய்யும்போது பெண்ணுடைய வேலை, கூலி கிடைத்தால் பொது வேலை! வீட்டுச் சமையலும் கல்யாணச் சமையலும் இப்படித்தானே?

பனித்தரை நமக்கு எட்டாததா? அதுவும் இல்லை. 2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பனி ஹாக்கியும் இருந்தது. அதே ஆண்டு பாங்காக்கில் லடாக் பெண்கள் நிறைந்த இந்திய அணி, பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்று முதல் வெற்றியைக் கண்டது. குளிர்காலத்தில் உறைந்த குளத்தில் ஆடிப் பழகிய பிள்ளைகள் அவர்கள்.

இருந்தாலும் நம் ஆட்டம் புல்தரை ஹாக்கிதான். 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் மலேசியா 4ஆம் இடம் பெற்றபோது, அணித்தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். 2013இல் இளையோர் அணியை உலகக் கிண்ணத்தில் 4ஆம் இடத்துக்குக் கொண்டுவந்து, பின்னர் தேசியப் பெண்கள் அணியையும் பயிற்றுவித்தவர் தர்மராஜ். நம் ஜோகூரிலேயே, பண்டார் பெனாவாரில், விளையாட்டுக்கென்றே அரசாங்கப் பள்ளி இருக்கிறது. பயிற்றுநர்கள் வரிசையில் நம் பெண்கள்தாம் குறைவு.

தோட்டத்துத் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: “மகள் பள்ளிக்கூடத்துக்கு ஹாக்கி ஆடுறா. மழைக்காலத்துல திடல் குளமாக் கிடந்தாலும் கட்டையைத் தூக்கிட்டுப் போயிடுறா. படிச்சு முடிச்சு இதையே வேலையாச் செய்யணும்னு சொல்றா. இதுல சோறு கிடைக்குமா சொல்லுங்க.” தகப்பனார் பக்கத்தில் இருந்தார், வாய் திறக்கவில்லை. அவர் மனத்தில் ஆசிரியர் வேலையோ தாதி வேலையோ இருந்திருக்கும். அதிலும் தப்பில்லை.

அம்மா, சொல்லுகிறேன். ஆட்டத்தை மட்டும் நம்பினால் கிடைப்பது கடினம். ஆட்டத்தோடு சான்றிதழும் இருந்தால் வழி உண்டு. நம் நாட்டில் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் இருக்கிறது. மலாயில் சுருக்கமாக எஸ்.பி.கே.கே. என்பார்கள். மூன்று படிகள். விளையாட்டு அறிவியல் ஒரு பக்கம், அவரவர் விளையாட்டு ஒரு பக்கம். தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலும் பயிற்றுவிப்பும் பாடமாகவே உண்டு. மகள் எஸ்.பி.எம். முடிக்கட்டும், மலாயையும் அறிவியலையும் விட்டுவிட வேண்டாம். அதுவரைக்கும், பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் அணிக்கு உதவிக்கு ஆள் வேண்டுமா என்று ஆசிரியரிடம் அவளே போய்க் கேட்கட்டும். கூம்பு அடுக்குவதும் வருகைப் பதிவதுமாகத்தான் முதலில் கொடுப்பார்கள். பிள்ளைகளில் யார் கட்டையைத் தப்பாகப் பிடிக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.