அங்கிள் என்ற சொல்லுக்குள் அடங்காத பாரசீக உறவுகள்

வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் பணியில் இருந்தோர்க்கு நன்கு பழக்கமான சங்கடம் ஒன்றுண்டு. செய்தியில் 'அங்கிள்' என்றொரு சொல் வரும். அவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? ஆங்கிலம் அதனைச் சொல்லாது. தமிழோ சொல்லாமல் விடாது. 'உறவினர்' என்று எழுதித் தப்பித்துக்கொள்வதே நமது செய்தி மேசைகளின் வழக்கம். செய்தி தெஹ்ரானிலிருந்து வந்ததாயின் இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மூலமொழியான பாரசீகத்தில் அவர் எந்த வழி உறவினர் என்பது தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கும். இடையில் நின்ற ஆங்கிலமே அதனை விழுங்கியிருக்கும்.

பாரசீகத்தில் தந்தையின் சகோதரர் 'அமூ'. தந்தையின் சகோதரி 'அம்மே'. தாயின் சகோதரர் 'தாயீ'. தாயின் சகோதரி 'காலே'. இந்நால்வரின் பிள்ளைகளையும் வேறுபடுத்திச் சொல்ல வழியுண்டு. மகன் 'பெஸர்', மகள் 'தொக்தர்' என்பதால், 'பெஸர் அமூ', 'தொக்தர் தாயீ' என்றவாறு எட்டு உறவுகள் பிறக்கின்றன. ஆங்கிலத்தில் இந்த எட்டும் 'கசின்' என்ற ஒரே சொல்தான். அக்காள் தங்கையரை மணந்த ஆடவர் இருவரை நாம் சகலர் என்கிறோம். பாரசீகர் 'பாஜெனாக்' என்பர். அண்ணன் தம்பியரை மணந்த பெண்கள் நமக்கு ஓரகத்திகள். அவர்களுக்கு 'ஜாரி'. ஆங்கிலத்திலே இவ்விரண்டுக்கும் சொல்லே கிடையாது.

இச்சொற்களின் பிறப்பைத் தேடிச் சென்றால் வியப்பு மேலும் கூடுகிறது. தந்தை 'பெதர்', தாய் 'மாதர்', சகோதரன் 'பராதர்' என்னும் சொற்கள் பாரசீகத்தின் சொந்தச் சொத்து. வடமொழியின் பிதா, மாதா, பிராதா ஆகியவற்றுக்கும் ஆங்கிலத்தின் பாதர், மதர், பிரதருக்கும் இவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆனால் அமூ, அம்மே, காலே ஆகிய மூன்றும் அரபு மொழியிலிருந்து வந்தவை. தாயீயும் பாஜெனாக்கும் துருக்கிய மொழி தந்தவை. வீட்டுக்குள்ளே பிள்ளைகள் தாயை அழைக்கும் 'மாமான்' என்ற சொல்லோ பிரெஞ்சிலிருந்து வந்தது. படையெடுப்பும் சமயமும் வணிகமும் நாகரிக மோகமும் ஈரானியரின் அடுப்படி வரை வந்து சென்றமைக்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை. 'தாயீ' என்றதும் நமது தாய் நினைவுக்கு வருகிறாள். 'அம்மே' என்றதும் அம்மை. 'மாமான்' என்றதும் மாமன். ஓசை ஒப்புமையைக் கண்டவுடன் தமிழே உலகின் தாய்மொழி என்று கட்டுரை எழுதப் புறப்படுவோர் நம்மிடையே ஏராளம். பொருளைப் பாருங்கள். தாயீ என்பவர் ஆண், நமது மாமா. அம்மே நமக்கு மாமி. மாமான் நமக்கு அம்மா. மூன்றும் மூன்று வெவ்வேறு மொழிகளிலிருந்து பாரசீகம் பெற்றவை. தமிழின் பெருமைக்கு இத்தகைய பொய்ச் சாட்சிகள் தேவையில்லை.

உறவுச் சொற்களில் ஒரு சமூகத்தின் திருமண ஒழுங்கும் பொதிந்திருக்கிறது. தந்தையின் சகோதரரை நாம் பெரியப்பா, சித்தப்பா என்று அப்பாவாக்கிவிட்டோம். ஆகவே அவருடைய மகள் நமக்குச் சகோதரி. மாமன் மகளோ மச்சாள், மணமுறைக்குரியவள். பாரசீகத்தில் அமூ அப்பாவல்லர். 'தொக்தர் அமூ' என்பவள் அமூவின் மகள் மட்டுமே, சகோதரியல்லள். எனவே அவளை மணப்பதற்குத் தடையில்லை. அமூவின் மகனுக்கும் மகளுக்கும் வானத்திலேயே முடிச்சுப் போடப்பட்டுவிட்டது என்றொரு பழமொழியும் அங்கு வழங்குகிறது. நமது செவிக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். மாமன் மகளை மணப்பது ஆங்கிலேயர் பலருக்கு அதிர்ச்சியளிப்பது போலத்தான் இதுவும்.

ஈராஜ் பெஸெஷ்க்ஸாத் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற நகைச்சுவை நாவல் 'தாயீ ஜான் நெப்போலியன்'. 1976இல் தொலைக்காட்சித் தொடராகி நாட்டையே சிரிக்க வைத்தது. 1940களின் தெஹ்ரானில் ஒரே தோட்டத்தைச் சூழ வாழும் கூட்டுக்குடும்பத்தின் கதை அது. கதை சொல்லும் சிறுவன் தாயீயின் மகள் லைலியைக் காதலிக்கிறான். குடும்பமோ அவளை அவளது அமூவின் மகன் பூரிக்குக் கொடுக்க எண்ணுகிறது. 1996இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் 'தாயீ' வெறும் 'அங்கிள்' ஆனார். இளைஞர் இருவரும் லைலிக்குக் 'கசின்' ஆயினர். தமிழ் வாசகர் எவரும் இக்கதையை வேறு கண்ணால் படிப்பார். நமது முறைப்படி ஒருவன் மச்சான், மற்றவன் சித்தப்பா மகன். உரியவனை விலக்கி உடன்பிறப்பு முறையினனுக்குப் பெண் கொடுக்கும் விபரீதமாகவே அது நமக்குத் தோன்றும். ஈரானியருக்கோ இருவரும் தகுதியுடைய மாப்பிள்ளைகள்.

குடும்பப் பண்பாட்டில் நமக்கும் அவர்களுக்கும் இணக்கம் மிகுதி. மார்ச் மாதப் புத்தாண்டான நவ்ரூஸ் அன்று இளையோரே முதலில் மூத்தோர் வீட்டுக்குச் செல்ல வேண்டும். பின்னர் மூத்தோர் பதிலுக்கு வருவர். புத்தம்புதிய நாணயத்தாள்களை மூத்தோர் வழங்கும் 'ஈதி' நமது கைவிசேடத்தை நினைவூட்டுகிறது. டிசம்பரின் மிக நீண்ட இரவான யல்தாவில் மாதுளையும் தர்ப்பூசணியும் வைத்து, பாட்டன் பாட்டியைச் சூழ அமர்ந்து ஹாபிஸின் கவிதைகளைப் படிப்பர். உயிர் என்று பொருள்படும் 'ஜான்' என்ற சொல்லை உறவுப் பெயரோடு சேர்த்தே விளிப்பர். தாய் தன் பிள்ளையையே 'மாமான்' என்று கொஞ்சி அழைப்பதும் உண்டு. 'என்ன அம்மா' என்று மகளை அழைக்கும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

எனினும் இச்சொற்களுக்கு இப்போது ஓர் ஆபத்து நேர்ந்திருக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் ஈரானில் பெண்ணொருவருக்குச் சராசரியாக ஆறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறந்தனர். 2000ஆம் ஆண்டளவில் அது இரண்டளவுக்குச் சரிந்தது. இத்துணை விரைவான வீழ்ச்சி உலகில் அரிது. அரசு 2021இல் சட்டமியற்றி, சலுகைகள் வழங்கியும் கருத்தடை வசதிகளைக் கட்டுப்படுத்தியும் பார்க்கிறது. சட்டத்தால் சித்திகளையும் மாமன்மாரையும் உண்டாக்க முடியுமா? ஒற்றைப் பிள்ளைகள் இருவர் மணந்தால், அவர்களது குழந்தைக்கு அமூ இல்லை, அம்மே இல்லை, தாயீ இல்லை, காலே இல்லை. எட்டு வகைப் பிள்ளைகளும் இல்லை. சொல்லிருக்கும், சொல்லுக்குரிய ஆளிருக்காது.

பாரசீகத்தின் கதை நமக்குக் கற்பிப்பது இதுதான். அரபுச் சொல்லும் துருக்கியச் சொல்லும் வந்து அந்தக் குடும்பம் கெட்டுவிடவில்லை. சொற்கள் மாறிய பின்னும் தந்தைவழி வேறு, தாய்வழி வேறு என்ற பாகுபாடு அப்படியே நின்றது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும், ஏன் கொழும்பிலும்கூட, நமது பிள்ளைகள் 'அங்கிள், ஆன்டி' என்று சொல்வதில் எனக்குள்ள கவலை அவை ஆங்கிலச் சொற்கள் என்பதாலன்று. பெரியப்பாவையும் மாமாவையும் அடுத்த வீட்டுக்காரரையும் அவை ஒரே ஆளாக்கிவிடுகின்றன. ஆளே இல்லாமல் சொல்லை இழக்கும் நிலை ஈரானியருக்கு வரலாம். ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லை இழப்பதற்கு நாம் என்ன நியாயம் கூறப்போகிறோம்?