மணலைக் கொட்டலாம், இராவணன் மீசையை யார் நடுவது?

வடமராட்சி கிழக்கிலோ மன்னாரிலோ வளர்ந்தவர்களுக்கு இராவணன் மீசையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெறுங்காலில் குத்தும் அந்தப் புல்லைச் சிங்களத்தில் மகாராவணனின் தாடி என்பார்கள். நான் வசிக்கும் வெள்ளவத்தையில் கடலைத் தடுத்து நிற்பது கருங்கல். கொட்டாஞ்சேனைக் கோயில் வாசல்களில் விலைபோகும் புல் அறுகு மட்டுமே. ஆனால் வடக்கின் மணலை அள்ளலாமா என்ற தீர்மானங்கள் எடுக்கப்படுவது இந்தக் கொழும்பில்தான். அத்தீர்மானங்களில் இந்தப் புல்லுக்கு இடமில்லை.

மணல்மேடு தானாக உயர்வதில்லை. காற்று கொண்டுவரும் மணலைப் புல் மறித்து விழுத்துகிறது. மூடிய மணலுக்கு மேலாகப் புல் மீண்டும் எழுந்து, கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் உயர்ந்த மேட்டின் கீழேதான் மழைநீர், உவர்நீருக்கு மேல் நன்னீராகத் தங்குகிறது. கரையோரக் கிணறுகளின் உயிர் அது. 2004 சுனாமியின்போது யால பகுதியில் மணல்மேடு உயர்ந்து நின்ற இடங்கள் தப்பின. கடல் தெரிவதற்காக மேடு அகற்றப்பட்ட இடத்தில் இருந்த விடுதி அழிந்தது.

மணற்காட்டில் உழவு இயந்திரங்களும் ரிப்பர்களும் அள்ளுவது இந்த மேட்டைத்தான். 2017இல் அங்கு மணல் ஏற்றிய வாகனத்தின் மீது பொலிஸார் சுட்டதில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில் நின்றார்கள். அள்ளுவது யார், அனுமதி கொடுத்தது யார் என்று கேட்கிறோம். சரியான கேள்விகள்தான். அள்ளிய இடத்தைத் திரும்ப உருவாக்குவது எப்படி என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

மணலைக் கொட்டினால் போதும் என்பதற்குத் தெற்கிலேயே பதில் இருக்கிறது. 2020இல் பெருஞ்செலவில் களுத்துறையிலும் கல்கிசையிலும் கடலடி மணலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். களுத்துறையில் கொட்டியதைக் கடல் விரைவிலேயே அள்ளிச் சென்றது. சவுக்கு நடுவதும் முழுமையான விடையல்ல. அது இம்மண்ணுக்குரிய மரமல்ல, அதன் சருகுக்குக் கீழே வேறு செடிகள் எழுவதும் அரிது.

மேட்டைக் கட்டுவது புல் என்றால், விதை வேண்டும். இராவணன் மீசையில் ஆண், பெண் செடிகள் வெவ்வேறு. ஆண் செடியில் கதிர்கள் கொத்தாக நிற்கும், விதை இராது. பெண் செடியில் முட்கள் நீட்டிய பந்து போன்ற தலை உருவாகும். முற்றிக் காய்ந்ததும் அது கழன்று காற்றில் உருண்டோடும். சேகரிக்க வேண்டியது காய்ந்த அந்தப் பந்துகளை. முற்றிய விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது உலக விதை வங்கிகள் பின்பற்றும் நெறி. பல செடிகளிலிருந்து எடுத்து, நிழலில் உலர்த்தி, கடதாசிப் பையில் இடமும் திகதியும் எழுதி வைக்க வேண்டும்.

கொடியை வெட்டி நட்டாலும் வளரும். ஆனால் ஒரே ஆண் செடியிலிருந்து வெட்டினால் கரை முழுவதும் ஆண் செடிதான், அடுத்த தலைமுறைக்கு ஒரு விதைகூட இராது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். அடம்பனையும் இதனுடன் சேர்த்து, மாரி மழை தொடங்கும்போது நட வேண்டும்.

இது பெரிய தொழில்நுட்பமல்ல. எந்தச் செடி எப்போது முற்றும் என்பது கரையோர மக்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் இடம்பெயர்ந்து அலைந்து மீளக்குடியமர்ந்தவர்கள். அந்த அறிவுக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடுதான் இல்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டமும், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருட்கள் சட்டமும் அனுமதிக்கு நிபந்தனை விதிக்க இடமளிக்கின்றன. அகழ்வுக்கு முன் அதே கரையில் விதை சேகரிப்பது, மீள்நடுகைக்கான பணத்தை முன்கூட்டியே வைப்பிலிடுவது, நாற்றுமேடையை ஊர்ச் சங்கங்களிடம் ஒப்படைப்பது ஆகிய மூன்றையும் எமது மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். அகழவே கூடாத மேடுகளுக்கு இது அனுமதிச்சீட்டாகிவிடவும் கூடாது.

எத்தனை கியூப் மணல் போகிறது என்பதை ரிப்பரை வைத்து எண்ணிவிடலாம். அந்தக் கரையின் விதை யார் கையில் இருக்கிறது என்பதையும் அடுத்த அனுமதிப்பத்திரத்துக்கு முன் கேட்டாக வேண்டும்.